கேள்வி–பதில்: எலும்பைக் கணினியில் ஒடித்துப் பார்க்கலாமா?

செயற்கை மூட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, உடலுக்குள் வைப்பதற்கு முன்பே அவற்றின் வலிமையைக் கணினியில் சோதித்துவிடுகிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பற்றியே பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: என் மனைவிக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வைத்த மூட்டைக் கணினியில் சோதித்துத்தான் வடிவமைத்தார்கள் என்று மருத்துவர் சொன்னார். எலும்பு உயிருள்ள பொருள் ஆயிற்றே, அதன் குணம் கணினிக்கு எப்படித் தெரியும்? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி)

கணினிக்குத் தானாக எதுவும் தெரியாது, ஐயா. எலும்பின் எந்த இடம் எவ்வளவு விறைப்பானது என்பதை நாம்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்கிறோம். தொடை எலும்பைச் சி.டி. ஸ்கேன் எடுத்தால், அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளியின் வெண்மையும் அந்த இடத்தில் உள்ள தாதுப்பொருளின் அடர்த்தியைக் காட்டும். அடர்த்தியிலிருந்து விறைப்பைக் கணக்கிடுவதற்கான தொடர்புகளை, உண்மையான எலும்புத் துண்டுகளை எந்திரத்தில் அழுத்திப் பார்த்து முன்பே கண்டறிந்து வைத்திருக்கிறார்கள். இனி எலும்பைப் பல லட்சம் சிறு கட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய விறைப்பைக் கொடுத்து, நடக்கும்போதும் படியேறும்போதும் மூட்டின் மேல் விழும் பாரத்தை ஏற்றினால், எந்தக் கட்டி எவ்வளவு நசுங்குகிறது என்பதைக் கணினி சொல்லிவிடும். பாலங்களையும் விமான இறக்கைகளையும் வடிவமைக்க உருவான ஃபைனைட் எலிமென்ட் முறைதான் இது. 1972-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை எலும்புக்குக் கொண்டுவந்தார்கள்.

இதனால் தெரியவந்த முக்கியமான செய்தி, மூட்டு உடையுமா என்பதைப் பற்றியது அன்று. மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு என்ன ஆகும் என்பதைப் பற்றியது. விறைப்பை அளக்கும் அலகு கிகாபாஸ்கல். கெட்டி எலும்பின் விறைப்பு ஏறத்தாழ 15 முதல் 20 கிகாபாஸ்கல். டைட்டானியக் கலவையின் விறைப்பு 110 கிகாபாஸ்கல் அளவில் இருக்கிறது. விறைப்பான உலோகத் தண்டை எலும்புக்குள் இறக்கினால், பாரத்தின் பெரும்பகுதியை உலோகமே வாங்கிக்கொள்கிறது. பாரம் சுமக்காத எலும்பு தன்னைக் கரைத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதை ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே விரிவாக எழுதிவிட்டார். ஆகவே மிக வலிமையான மூட்டு சில ஆண்டுகளில் தன் பிடிமானத்தைத் தானே இழக்கக்கூடும். தண்டின் நீளத்தையும் தடிமனையும் மாற்றி மாற்றிக் கணினியில் ஓட்டி, எலும்புக்கும் போதிய பாரம் போய்ச் சேரும் வடிவத்தைத் தேடுவதுதான் வடிவமைப்பாளரின் வேலை. உங்கள் மருத்துவர் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

எலும்பு ஏன் அந்த விறைப்போடு இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த முறையில் விடை இல்லை. அதற்கு அணுக்கள் வரை இறங்க வேண்டும். அடுத்த கேள்வி அதைப் பற்றியதே.

கேள்வி: மூலக்கூறு இயக்கவியல் என்ற சொல்லைப் பாடத்தில் படித்தேன். அணுக்களைக் கணினி எப்படி நகர்த்துகிறது? (முதுநிலை இயற்பியல் மாணவி, தஞ்சாவூர்)

நியூட்டனின் இரண்டாம் விதியைக் கொண்டுதான். ஒவ்வோர் அணுவின் மேலும் மற்ற அணுக்கள் செலுத்தும் விசையைக் கணக்கிட வேண்டும். விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். அந்த முடுக்கத்தோடு அணுவை மிகச் சிறிய நேரத்துக்கு நகர விட்டு, புதிய இடத்தில் மறுபடியும் விசையைக் கணக்கிட வேண்டும். இவ்வளவுதான். விசையைத் தருவது விசைப்புலம் எனப்படும் சூத்திரத் தொகுப்பு. வேதிப்பிணைப்புகளைச் சிறு சுருள்வில்களாகவும், அணுக்களைச் சிறிதளவு மின்னூட்டம் கொண்ட உருண்டைகளாகவும் அது கருதுகிறது. தள்ளி இருக்கும் அணுக்கள் ஒன்றையொன்று மெல்ல இழுக்கும். அளவுக்கு மீறி நெருங்கினால் மிகக் கடுமையாகத் தள்ளும்.

அந்தக் கடுமையை நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது அனுபவித்தே தெரிந்துகொண்டேன். எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் ஒரு துண்டைக் கணினிக்குள் ஒரு கற்பனைப் பெட்டியில் வைத்து, அதைச் சுற்றி நீரை நிரப்பும்போது, ஒரு நீர் மூலக்கூறு புரதத்தின் அணு ஒன்றின் மேலேயே அமர்ந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. கணக்கை ஓட்டிவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள் பெட்டி ‘வெடித்து’, அணுக்கள் எண்களுக்கு எட்டாத தொலைவுக்குப் போயிருந்தன. இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு கதை உண்டு.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. ஹைட்ரஜன் அணு தன் பிணைப்பில் ஒரு முறை அதிர ஏறத்தாழ 10 ஃபெம்டோ வினாடி எடுக்கிறது. ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மறுபடியும் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ வினாடி. அந்த அதிர்வைத் தவறவிடாமல் பிடிக்க, ஒவ்வொரு படியும் 1 அல்லது 2 ஃபெம்டோ வினாடிக்கு மேல் போகக்கூடாது. ஆகவே வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைப் பார்ப்பதற்கே 50 கோடி படிகள் வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு லட்சம் அணுக்களுக்கு விசை கணக்கிட வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், பெட்டியில் உள்ள அணுக்களில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு பெரும்பாலும் நீருக்கே போய்விடும். கணினியின் உழைப்பில் பெரும்பகுதி நீரை நகர்த்துவதுதான். ஆனாலும் நீரை விட்டுவிட முடியாது. காய்ந்த கொலாஜனும் நனைந்த கொலாஜனும் இரு வேறு பொருள்கள் என்பது தோல் பதனிடுவோருக்கு நன்றாகத் தெரியும்.

1957-இல் ஆல்டரும் வெயின்ரைட்டும் வெறும் கெட்டி உருண்டைகளை மோதவிட்டு இம்முறையைத் தொடங்கினார்கள். 1964-இல் 864 ஆர்கான் அணுக்களைக் கொண்டு ஒரு திரவத்தையே கணினியில் உருவாக்கிக் காட்டியவர் ஐதராபாத்தில் பிறந்து அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் பணியாற்றிய அனீசுர் ரஹ்மான். அவரே பின்னர் ஸ்டிலிங்கருடன் சேர்ந்து நீரையும் கணக்கிட்டார். 1977-இல் மெக்கேமன், கெலின், கார்ப்ளஸ் மூவரும் 58 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதத்தை, அதுவும் நீரில்லாத வெற்றிடத்தில், 9.2 பிக்கோ வினாடிகள் (ஒரு பிக்கோ வினாடி என்பது ஆயிரம் ஃபெம்டோ வினாடி) ஓட்டினார்கள். இன்று ஒரு மாணவரின் மடிக்கணினி அதைத் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடும். அந்தக் கார்ப்ளஸ், லெவிட், வார்ஷல் ஆகியோருடன் 2013-இன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாகப் பட்டு நெய்பவர்கள். சிலந்தி நூல் எஃகுக்கு நிகரானது என்கிறார்கள். பட்டுப்புழுவின் நூலும் புரதம்தானே, அது ஏன் அப்படி இல்லை? கணினி இதற்கு ஏதாவது சொல்கிறதா? (நெசவாளர், காஞ்சிபுரம்)

சொல்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விடைகளுள் அது ஒன்று.

இரண்டு நூல்களிலும் புரதச் சங்கிலிகள் சில இடங்களில் அடுக்கடுக்காக மடிந்து சிறு படிகங்களாகவும், மற்ற இடங்களில் சிக்கல் விழுந்த நூல்கண்டு போலவும் கிடக்கின்றன. படிகங்களைக் கட்டி வைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தனியாக எடுத்துக்கொண்டால் அவை மிக மெலிந்தவை. நீரை நீராக வைத்திருக்கும் அதே பிணைப்புகள்தாம். இவ்வளவு மெலிந்த பிணைப்புகளால் எஃகுக்கு நிகரான நூல் எப்படி வந்தது என்பது புதிராகவே இருந்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்க்கஸ் பியூலரின் குழுவில் இருந்த சினன் கேட்டன் 2008-லும் 2010-லும் வெளியிட்ட கணினி ஆய்வுகளில், இந்தப் படிகங்களை வெவ்வேறு அளவில் உருவாக்கி இழுத்துப் பார்த்தார். பிணைப்புகள் கூடக் கூட வலிமையும் கூடிக்கொண்டே போகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி நடக்கவில்லை. மூன்று நான்கு பிணைப்புகள் மட்டுமே ஒன்றாக நின்று இழுவையைத் தாங்குகின்றன. அதற்கு மேல் வரிசையை நீட்டினால், தையல் ஒரு முனையில் பிரிந்து அப்படியே ஓடுவது போல அவை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்துபோகின்றன. தேர்வடத்தை எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் தேர் நகரும். ஆள் எண்ணிக்கை மட்டும் போதாது. படிகம் 2 முதல் 4 நானோமீட்டர் அளவில் சிறியதாக இருந்தால் பிணைப்புகள் ஒருசேர நிற்கின்றன. அறுந்தாலும் பக்கத்து இடத்தில் மறுபடியும் பிடித்துக்கொள்கின்றன. படிகம் பெரிதானால் அது வளைகிறது, ஓரம் பிளக்கிறது, உடைகிறது. ஒரே பொருள், ஒரே பிணைப்பு; அளவு ஒன்றுதான் வேறு.

சிலந்தியிடமிருந்து நூலை வேகமாக இழுத்தெடுத்தால் படிகங்கள் சிறிதாகி நூல் வலுவடைகிறது என்று அதற்கு முன்பே ஆய்வகத்தில் அளந்திருந்தார்கள். ஏன் அப்படி என்பதைக் கணினி காட்டியது. உங்கள் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. பட்டுப்புழு கூடு கட்டும்போது தலையை எட்டு வடிவில் ஆட்டி ஆட்டி நூற்கிறது. திரும்பும் இடங்களில் வேகம் குறைகிறது, நூலின் தரமும் சீராக இருப்பதில்லை. ஷாவோ, வால்ராத் என்ற ஆய்வாளர்கள் 2002-இல், புழுவின் வாயிலிருந்து நூலைச் சீரான வேகத்தில் நேரடியாக இழுத்தெடுத்தபோது, அது சிலந்தி நூலை நெருங்கும் வலிமை பெற்றதைக் கண்டார்கள். குறை புழுவின் புரதத்தில் மட்டும் இல்லை, நூற்கும் முறையிலும் இருக்கிறது. நெசவாளரான உங்களுக்கு இது வியப்பாக இருக்காது.

கேள்வி: கணினியில் வரும் எண்ணை அப்படியே நம்பலாமா? நாம் கொடுத்த சூத்திரத்தைத்தானே அது நமக்கே திருப்பிச் சொல்கிறது? (பொறியாளர், கோயம்புத்தூர்)

எண்ணை அப்படியே நம்பக்கூடாது. நல்ல எடுத்துக்காட்டு டைட்டின் என்னும் தசைப் புரதம். 1997-இல் அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையில் ஒட்டி அதை இழுத்தபோது, ஒரு மடிப்பு பிரிய ஏறத்தாழ 150 முதல் 300 பிக்கோநியூட்டன் விசை தேவைப்பட்டது. மறு ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிளவுஸ் ஷுல்டனின் குழு அதே மடிப்பைக் கணினியில் இழுத்தது. வந்த விடை ஏறத்தாழ 2000 பிக்கோநியூட்டன். பத்து மடங்கு தவறு!

இதற்குக் காரணம் வேகம். நுண்ணோக்கி வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் வேகத்தில் இழுக்கிறது. அந்த வேகத்தில் ஒரே ஒரு நானோமீட்டர் இழுக்கவே கணினிக்கு 50,000 கோடி படிகள் வேண்டியிருக்கும். அதற்கு நேரமில்லாததால் வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் இழுத்தார்கள். சேற்றில் புதைந்த காலை வெடுக்கென்று இழுப்பதற்கும் மெல்ல எடுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது; வேகமாக இழுத்தால் கூடுதல் விசை வேண்டும்.

ஆனால் அதே கணக்கு வேறொன்றையும் சொன்னது. முதலில் ஒரு ஜோடி இழைகளுக்கு இடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் அறும், மடிப்பு சிறிது நீண்டு ஓர் இடைநிலையில் நிற்கும், அதன் பிறகே வேறொரு ஜோடியின் பிணைப்புகள் ஒருசேர அறுந்து முழுவதும் பிரியும் என்றது. 1999-இல் ஆய்வகத்தில் அந்த முதல் இழையிலிருந்த ஓர் அமினோ அமிலத்தை, ஹைட்ரஜன் பிணைப்பு தர முடியாத புரோலினாக மாற்றி இழுத்தபோது அந்த இடைநிலை மறைந்துபோனது. எண் தவறு, காரணம் சரி. ஆகவே கணினி ஆய்வைப் படிக்கும்போது ‘எவ்வளவு’ என்பதைவிட ‘ஏன்’ என்ற பகுதிக்கே நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். ‘ஏன்’ என்பதை ஆய்வகத்தில் பொய்ப்பிக்க வழி சொல்லாத ஆய்வாக இருந்தால், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

சூத்திரத்தைத் திருப்பிச் சொல்வது பற்றி: உங்கள் ஐயம் பாதி சரி. விசைப்புலத்தில் உள்ள எண்கள் சிறு மூலக்கூறுகளுக்காகச் சீர்செய்யப்பட்டவை. அந்த எண்களில் எங்கும் எழுதப்படாத பட்டின் படிக அளவு விடையாக வந்தது என்றால், அது வெறும் எதிரொலி ஆகாது.

கேள்வி: கொலாஜன் ஆராய்ச்சியில் சென்னைக்குப் பங்கு உண்டு என்கிறார்களே, உண்மையா? (வாசகர், வேலூர்)

உண்மை, அதுவும் பெரிய பங்கு. எலும்பு, தோல், தசைநாண் மூன்றுக்கும் அடிப்படையான புரதம் கொலாஜன். அதன் மூலக்கூறு 300 நானோமீட்டர் நீளமும் 1.5 நானோமீட்டர் தடிமனும் கொண்டது. மூன்று சங்கிலிகள் கயிறு திரிப்பது போல முறுக்கிக்கொண்ட முப்புரி. இந்த வடிவத்தை முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்த ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1954-இல் முதல் வடிவத்தையும், 1955-இல் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிவரும் திருத்திய வடிவத்தையும் வெளியிட்டார்கள். எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப் பயன்பட்டவற்றுள் கங்காருவின் வால் தசைநாணும் ஒன்று. அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு ‘டிரிபிள் ஹீலிக்ஸ்’ என்றே பெயர்.

கதையில் எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. இந்த வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று கிரிக்கும் ரிச்சும் குறை சொன்னார்கள். வேறொருவராக இருந்தால் மறுப்புக் கடிதம் எழுதியிருப்பார். இராமச்சந்திரனோ, ‘அளவுக்கு மீறி’ என்றால் எவ்வளவு என்று கேட்டார். அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் தேடி, இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, புரதச் சங்கிலியின் இரண்டு சுழற்சிக் கோணங்களையும் எந்தெந்த அளவில் வைத்தால் அணுக்கள் மோதாமல் இருக்கும் என்று இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து கணக்கிட்டார். 1963-இல் வெளியான அந்த வரைபடம் இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது. என் கொலாஜன் பெட்டி வெடித்ததே, அதற்குக் காரணமான நெருக்க விதியைப் புரதங்களுக்கு முதன்முதலில் முறையாக எழுதி வைத்தது சென்னையில்தான்.

மூன்று சங்கிலிகளும் சந்திக்கும் உட்புறத்தில் இடமே இல்லை. அதனால் மூன்றில் ஓர் இடத்தில் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் மட்டுமே பொருந்தும். மரபணுவில் ஓர் எழுத்து பிசகி அந்த இடத்தில் வேறொன்று வந்துவிட்டால், குழந்தைக்குத் தொட்டால் ஒடியும் எலும்பு நோய் வரக்கூடும். எந்த மாற்றம் சுருளை எந்த அளவுக்குக் குலைக்கிறது என்பதைப் பார்க்க இப்போது கணினி உருவகப்படுத்தல் பெரிதும் பயன்படுகிறது.

கேள்வி: இனி விலங்குகளில் சோதனையே வேண்டாமா? செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தக் கணக்குகளும் தேவையில்லை என்கிறார்களே? (இரண்டு கடிதங்களின் சுருக்கம்)

இரண்டுக்கும் விடை, ‘அப்படி இல்லை’. புதிய மருந்துகளுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டம் இயற்றித் தளர்த்தியது உண்மை. கணினி மாதிரிகளையும் சான்றாக ஏற்க அச்சட்டம் இடம் தருகிறது. ஆனால் புதிய பொருள் ஒன்றை உடல் ஏற்குமா, அதைச் சுற்றி அழற்சி வருமா என்பன கோடிக்கணக்கான செல்கள் சேர்ந்து முடிவு செய்பவை. அணுக்களை நகர்த்தும் கணக்கு அங்கே எட்டாது.

2024-இன் வேதியியல் நோபல் பரிசில் பாதியை ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் பெற்றுத்தந்த ஆல்ஃபாஃபோல்டு, புரதம் எந்த வடிவில் மடியும் என்பதைச் சொல்கிறது. இழுத்தால் எங்கே அறும் என்று அதனிடம் கேட்க முடியாது.

கேள்வி: வீட்டில் உள்ள கணினியிலேயே இதைச் செய்து பார்க்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? (இளநிலை உயிர்வேதியியல் மாணவர், யாழ்ப்பாணம்)

முடியும். நெதர்லாந்தின் குரோனிங்கனில் உருவான ‘குரோமாக்ஸ்’ என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி இருந்தால் இன்னும் நல்லது. புரத அமைப்புகளுக்கு ‘புரோட்டீன் டேட்டா பேங்க்’ என்னும் திறந்த சேமிப்பகம் உள்ளது. 1971-இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கப்பட்டது அது.

அதில் ‘1சிஏஜி’ என்ற கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கொலாஜன் போன்ற ஒரு சிறு முப்புரி அது. ஒவ்வொரு சங்கிலியிலும் நடுவில் ஒரு கிளைசினுக்குப் பதிலாக அலனினை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அதிலுள்ள ஹைட்ராக்சிபுரோலின் என்னும் அமினோ அமிலம் நீங்கள் தேர்ந்தெடுக்கும் விசைப்புலத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பாதி மாணவர்கள் அங்கேதான் இரண்டு நாள் தொலைக்கிறார்கள். நீரை நிரப்பிய பிறகு, மோதும் அணுக்களை விலக்கும் ஆற்றல் குறைப்புப் படியை மறக்காமல் செய்துவிட்டு 100 நானோ வினாடி ஓட்டுங்கள். பிறகு மூன்று அலனின்களையும் கிளைசினாக மாற்றி மறுபடி ஓட்டுங்கள். நடுப்பகுதியில் சங்கிலிகளுக்கு இடையே எத்தனை நீர் மூலக்கூறுகள் புகுந்து நிற்கின்றன என்று இரண்டு முறையும் எண்ணி எனக்கு எழுதுங்கள்.